டயர் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள்: கேள்வி பதில்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் வாகனம் வைத்திருப்பவர்கள் டயர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, டயர் மாற்றுவதும் வீல் எலைன்மன்ட் பார்ப்பதுமே தொழிலான ஒருவரின் பதில்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்னிடம் இருப்பது வேகன் ஆர். நாலு டயரும் மாற்ற வேண்டும். நம்பி வாங்கக்கூடிய ஒரு பிராண்ட் சொல்லுங்கள்.

பதில்: ஒரே ஒரு பெயரைச் சொன்னால், தங்கச்சி, அந்தப் பெயரில் நாலு வருடம் ஸ்டோரில் கிடந்த டயரையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பிரிஜ்ஸ்டோன், மிஷெலின், யோகோஹாமா, கொன்டினென்டல், சுமிட்டோமோ நிறுவனம் செய்கிற டன்லொப், இவற்றில் எதை எடுத்தாலும் தயாரிப்பை நம்பலாம். அடுத்த விலையில் ஹன்கூக், கும்ஹோ, மக்ஸிஸ், ஜீடி ரேடியல். களனியில் தயாராகும் சியெட், வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிற சின்னக் காருக்குப் போதும்.

பிராண்டை முடிவு செய்த பிறகுதான் உண்மையான தெரிவு தொடங்குகிறது. ஒரே கம்பனி பெற்றோல் மிச்சப்படுத்த ஒரு பட்டன் (வீதியில் படும் மேற்பரப்பில் காடியும் கட்டையுமாக இருக்கும் அமைப்பு), சத்தம் குறைய ஒரு பட்டன், நீண்டநாள் தேயாமலிருக்க இன்னொன்று என்று செய்கிறது. பிரிஜ்ஸ்டோனில் எகோபியாவும் டுரான்சாவும் ஒன்றல்ல. கொழும்பு மழைக்கு நான் முதலில் பார்ப்பது ஈரப் பிடிப்பைத்தான். ஐரோப்பிய லேபல் ஒட்டியிருந்தால் மழைத்துளிப் படத்துக்கு எதிரே ஏ அல்லது பி இருக்க வேண்டும். ஜப்பான் லேபலில் சின்ன எழுத்து ஏ முதல் டி வரை வரும், அதில் ஏ அல்லது பி. உங்கள் அளவு 155/65 ஆர் 14, சுமைக் குறியீடு (ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் இலக்கம்) 75. வாங்குமுன் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): டயர் புதிதா பழசா என்று கடைக்காரரைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஓகஸ்ட் மாதம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். ரிம்மில் ஏற்றியபின் அது உள்பக்கம் போய்விட்டால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. ஏற்றுமுன்னரே அந்த நாலு இலக்கத்தையும் நாலு டயரிலும் பாருங்கள். மூன்று புதியது, ஒன்று பழையது என்று கலந்து வருவதுண்டு.

ஒரு வருடத்துக்குள் செய்தது நல்லது. நிழலில், வெயில் படாமல் வைத்திருந்தால் இரண்டு வருடம் வரை வாங்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு டயர் கேளுங்கள். வாகனத்தில் ஏறிய டயரை, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், தயாரித்து ஆறு வருடத்தில் மாற்றுவது என் கணக்கு. வாகனத்தை நாள் முழுக்க வெயிலில் விடுகிறவர்கள் நாலாம் வருடத்திலிருந்தே பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (தெஹிவளை): அக்சியோவுக்கு ஜப்பான் டயர்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம். கடையில் தாய்லாந்தில் செய்ததைத்தான் காட்டுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லைத் தம்பி. பிரிஜ்ஸ்டோன், யோகோஹாமா, மிஷெலின், சுமிட்டோமோ எல்லாவற்றுக்கும் தாய்லாந்தில் சொந்தத் தொழிற்சாலை உண்டு. எங்களைப் போலச் சூட்டிலும் மழையிலும் ஓடுகிற நாடு அது. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியது வேறு: டன்லொப் என்ற பெயர் நாட்டுக்கு நாடு வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்து வந்திருக்கிறது. ஆகவே பெரிய எழுத்தை மட்டும் பார்க்காமல், தயாரித்தவர் யார், எந்த நாடு என்ற சின்ன எழுத்தையும் வாசியுங்கள்.

கேள்வி (வத்தளை): ஜப்பானிலிருந்து வந்த ஹொண்டா வெசல் எடுத்தேன். டயர் பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. ஏன்?

பதில்: பக்கச் சுவரில் "ஸ்டட்லெஸ்" என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா பாருங்கள். மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் இருந்தாலும் அநேகமாக அதேதான். பனிக்காலத்துக்கென்று செய்த டயர் அது. குளிரில் இறுகாமலிருக்க ரப்பரை மெதுமையாகச் செய்து, பட்டன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் நெருக்கமாகக் கோடு போட்டிருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அந்த ரப்பர் களியாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் வளைந்து கொடுப்பதால் வாகனம் நிற்கத் தாமதமாகிறது. பட்டன் இருக்கிறதே என்று வைத்திருக்க வேண்டாம், மாற்றுங்கள். வாகனம் வாங்கும்போதே இதைப் பார்த்திருந்தால் விலையில் பேசியிருக்கலாம்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கேடிஎச் வான் யாழ்ப்பாணம், நுவரெலியா ஹயருக்கு ஓடுகிறது. 195/80 ஆர் 15 டயரில் ஒரு கடை விலையைக் கேட்டால் மற்றக் கடையைவிட நிறையக் குறைவு. அளவு ஒன்றுதானே?

பதில்: அளவு ஒன்று, டயர் ஒன்றல்ல. இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள் அண்ணா, உங்கள் வானில் ஏறுகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

உங்கள் வானுக்குரியது 195/80 ஆர் 15, 107/105 என்று எழுதிய எல்டி வகை, அதாவது பாரம் ஏற்றும் வான், சின்ன லொறிக்கான டயர். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். அதே 195/80 ஆர் 15 அளவில் 96 எஸ் என்று ஒன்று வருகிறது. சுசுகி ஜிம்னி போன்ற சின்ன ஜீப்புகளுக்கானது. 96 என்றால் 710 கிலோ. ஒரு டயருக்கு 265 கிலோ குறைவு. இந்த 96 டயர் நாலும் சேர்ந்து தாங்குவது 2,840 கிலோ. வானின் எடையே 2 தொன்னை நெருங்கும். சாரதியோடு 14 பேர், ஆளுக்கு 65 கிலோ வைத்தால் 910 கிலோ. கூரையில் பொதிகள். டயரின் எல்லை அங்கேயே தாண்டிவிட்டது. பாரமும் நாலு டயருக்கும் சமமாகப் பிரிவதில்லை, பின்னுக்கு அதிகம்.

இப்படிப்பட்ட டயர் முதல்நாளே வெடிக்காது. ஏ9 வீதியில் பகல் வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது பக்கச் சுவர் ஓயாமல் மடிந்து மடிந்து சூடாகி, உள்ளிருக்கும் நூலும் ரப்பரும் பிரியத் தொடங்கும். பட்டன் ஒரு பக்கம் உப்பிவரும், ஸ்டியரிங் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பலர் பலன்சிங் பிழை என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். நடுங்கினால் ஓரமாக நிறுத்தி நாலு டயரையும் கையால் தடவிப் பாருங்கள்.

சரியான எல்டி டயரைப் போட்டாலும் காற்றுக் குறைந்தால் அந்த 975 கிலோ கிடைக்காது. அது உரிய அழுத்தத்தில் மட்டுமே தாங்கும் சுமை. காருக்கு அடிப்பதுபோல் 32 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டுப் போகாதீர்கள். கதவுத் தகட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும்.

ரீபில்ட் டயர், அதாவது தேய்ந்த டயருக்குப் புது மேற்பரப்பு ஒட்டியது, பற்றியும் ஒரு வார்த்தை. பஸ், லொறிக்கு நல்ல இடத்தில் செய்தால் சரி. பயணிகள் வானின் முன் சில்லுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி (மருதானை): அக்சியோவின் 175/65 ஆர் 15க்குப் பதில் 185/65 போடலாமா? வண்டி கொஞ்சம் உயரும் என்கிறார்கள்.

பதில்: விட்டம் 608 மில்லிமீற்றரிலிருந்து 621க்குப் போகும், 2 சதவீதம் கூட. உயரம் கூடுவது 6 மில்லிமீற்றர் மட்டுமே. வேகமானி குறைத்துக் காட்டும், பெற்றோலும் சற்றுக் கூடும். அகலம்தான் வேண்டுமென்றால் 185/60 ஆர் 15 விட்டத்தில் கிட்டத்தட்ட அதே அளவு.

கேள்வி (கிராண்ட்பாஸ்): ஓட்டோவுக்கு டயர் மாற்றும்போது பழைய டியூப்பையே போடலாமா?

பதில்: வேண்டாம். ஓடி விரிந்த டியூப், புது டயருக்குள் மடிந்து உட்காரும். அந்த மடிப்பிலேயே வெடிக்கும். 4.00-8 டயருக்கு அதே அளவு புது டியூப் போடுங்கள். ஓட்டோ ரிம் இரண்டு பாதியாக நட் போட்டு இறுக்கியது. காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே அந்த நட்டுகளைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னுக்கா பின்னுக்கா?

பதில்: பின்னுக்கு. முன்சில்லு இழுக்கிற கார் என்றாலும் பின்னுக்கே. மழையில் முன் டயர் வழுக்கினால் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றும். ஆனால் முன்னுக்குப் போகிற பழைய இரண்டும் தேய்ந்து முடிந்தவையாக இருக்கக்கூடாது. காடிக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடு 1.6 மில்லிமீற்றரைக் காட்டுகிறது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீற்றரில் மாற்றுங்கள்.

கேள்வி (நுகேகொடை): நைட்ரஜன் அடிப்பது அவசியமா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை காலையில், வண்டி ஓடமுன் பாருங்கள்.

கேள்வி (மட்டக்குளி): குழியில் விழுந்து பக்கச் சுவர் முட்டைபோல் உப்பிவிட்டது. வொரண்டி கிடைக்குமா?

பதில்: பொதுவாகக் கிடைக்காது. வொரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். உப்பிய இடத்தில் உள்நூல் அறுந்துவிட்டது, ஒட்டிப் பயனில்லை, இன்றே ஸ்பெயாரைப் போடுங்கள். உண்மையான தயாரிப்புக் குறை வந்தால் கைகொடுப்பது பில்தான். பில்லில் பட்டன் பெயரையும் அந்த நாலு இலக்கத்தையும் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மீண்டும்): அண்ணா, டயர் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி மட்டும் இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். டயரின் எடை குறைந்த இடம் அது, பலன்சிங்குக்கு ஈயம் குறைவாகப் போதும். அம்புக்குறி உள்ள டயர் முன்னோக்கிச் சுற்ற வேண்டும், "அவுட்சைட்" என்று எழுதியது வெளிப்பக்கம் தெரிய வேண்டும். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முழுதும் இறுக்க விடாதீர்கள், போல்ட் இழுபட்டுவிடும். கடைசி இறுக்கம் டோர்க் ரெஞ்சால்தான். 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.