உம் கொட்டுகிறவர்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். எக்காலத்துக்கும் பிடித்த ஒரே ஒரு படம் எது, ஏன் என்று ஆளாளுக்கு எழுந்து இரண்டு நிமிஷம் பேச வேண்டும். பாதிவரை மட்டுமே பார்த்திருந்த ஒரு ஜப்பானியப் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் வெட்கமாக இருந்தது.

இதுவரை பார்த்த 212 படங்களையும் எக்செல்லில் போட்டு, கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று தனித்தனியாக மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கிறேன். முதலிடத்தில் வந்த படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உண்மையில் பிடித்த படம் 41-வது இடத்தில் இருக்கிறது. ஒரே படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? அது சிறந்த படமாகவும் இருக்க வேண்டுமா? உங்களுடைய ஒரே படம் எது?

பின்குறிப்பு: நீங்கள் எழுதும் பழைய படங்களையும் தேடிப் பார்க்கிறேன். மெதுவாகப் போவதால் 1.5 வேகத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். கதை நன்றாகவே புரிகிறது.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

அந்தப் பின்குறிப்பை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். இப்போது முடியாது.

முதலில் சில்லறை விஷயங்கள். கூட்டத்தில் பொய் சொன்னதற்கு வெட்கப்பட வேண்டாம். மேனேஜர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரும் மனதைத் திறந்து காட்டுவதில்லை. எக்செல் கோப்பை அழித்துவிடுங்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மூக்குக்கு இத்தனை, நடைக்கு இத்தனை என்று குறித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. கூட்டினால் மொத்தம் வரும், ஆள் வராது. சிறந்த படமாகவும் இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்குகிறது. படம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம்கூட ஆளுக்குப் பத்துப் படம்தான் கேட்கிறார்கள், ஒன்று கேட்பதில்லை. முதல் தடவை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். அப்புறம் 1962-லிருந்து 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையவே இல்லை. 2012-இல் ‘வெர்டிகோ’. 2022-இல் ஷந்தால் அகெர்மன் 1975-இல் எடுத்த ‘ஜான் தீல்மன்’. கணவனை இழந்த ஒருத்தியின் மூன்று நாள். அவள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். படம் 201 நிமிஷம். உங்கள் வேகத்தில் வைத்தால் 134-இல் முடிந்துவிடும். 67 நிமிஷம் மிச்சம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இன்னொரு படத்தை 1.5-இல் ஓட்டுவீர்கள்.

கதை புரிகிறது என்கிறீர்கள். கதை புரிவதற்குப் படம் எதற்குத் தம்பி? விக்கிப்பீடியாவில் நாலு பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டும்போது வசனம் ஒன்றும் போய்விடாது. பேசுகிறவன் எப்படியும் தப்பித்துக்கொள்வான். கேட்கிறவன் முகம்தான் போகும். ஒரு பேச்சு ஒருவன் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, முகத்துக்கு வந்து சேர்வதற்கு ஒரு நேரம் ஆகிறது. ஒரு நல்ல நடிகர் முப்பது வருஷம் பாடுபட்டுக் கற்றுக்கொள்வது அந்த நேரத்தைத்தான். நீங்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறீர்கள்.

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என்னுடைய அந்த ஒரே படம் முழுக்க ஒரு கேட்கிற முகத்தில்தான் நிற்கிறது.

‘காதலிக்க நேரமில்லை’. சிரித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு ருஷ்யப் படத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். 1964, ஸ்ரீதர் இயக்கியது, ஈஸ்ட்மென் கலர். எழுத்தில் ஸ்ரீதரோடு கோபு, கேமரா வின்சென்ட், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் அதுதான் முதல் படம். சின்னமலை எஸ்டேட்காரர் விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி ஆரம்பித்துப் படம் எடுக்கத் துடிக்கிறான், அப்பா காசு தரமாட்டேன் என்கிறார்.

தமிழில் வந்ததிலேயே சிறந்த படமா என்றால் இல்லை. முத்துராமன் கிழவர் வேஷம் கட்டி ரவிச்சந்திரனுக்கு அப்பாவாக வருவதை ஒரு அளவுக்கு மேல் என்னால் தாங்க முடியாது. இரண்டு பாட்டின்போது நான் எழுந்து போய் டீ போடுவேன். எந்தெந்தப் பாட்டு என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஆனால் அந்தக் காட்சி. செல்லப்பா அப்பாவை உட்காரவைத்துத் தன் படத்தின் கதையைச் சொல்கிறான். திகில் கதை. சரியாகப் பார்த்தால் அதில் கதை என்று ஒன்றுமே கிடையாது. இருட்டும் சத்தமும்தான். சத்தம் எல்லாவற்றையும் நாகேஷ் தன் வாயாலேயே போடுகிறார். தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் நாகேஷைச் சொல்வார்கள். நாகேஷ் மேதைதான், மறுப்பே இல்லை. ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது தயவுசெய்து நாகேஷைப் பார்க்காதீர்கள், காதால் கேட்டுக்கொண்டால் போதும். கண்ணைப் பாலையா மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்காரர், கறார் பேர்வழி, மகனை உருப்படாதவன் என்று முடிவு கட்டியவர், சரி தொலையட்டும் என்று கேட்க உட்காருகிறார். அங்கிருந்து பேய்க்கதை கேட்கும் பிள்ளையாக ஆகிறவரைக்கும் ஒரு படி விடாமல் இறங்குகிறார். எந்த இடத்தில் அலட்சியம் போய் ஆர்வம் வந்தது, எந்த இடத்தில் ஆர்வம் பயமானது என்று பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. பேச்சு அவருக்குக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நாகேஷைத் தூக்கி நிறுத்துகிறார். அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் வெறுமனே வாயால் சத்தம் போடுகிற ஆள்.

பாலையா 1936-இல் ‘சதிலீலாவதி’யில் வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். ஆக இந்தக் காட்சிக்கு முன் 28 வருஷம் கேமரா முன்னால் நின்றிருக்கிறார், பெரும்பாலும் வில்லனாக. வில்லன் என்றால் உறுமவும் மிரட்டவும்தான் தெரியும் என்று நினைப்போம். அடுத்த வருஷமே ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதர். அங்கேயும் என்ன செய்கிறார்? விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். கேட்டுப் பயந்து ஊரைவிட்டே ஓடுகிறார். இந்தக் கையில் ஒரு கேட்டல், அந்தக் கையில் ஒரு கேட்டல். இந்தியில் இதே படத்தை 1966-இல் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார்கள். கதை சொன்னவர் மெஹ்மூத், கேட்டவர் ஓம் பிரகாஷ். பிலிம்பேர் பரிசு யாருக்குப் போனது தெரியுமா? சொன்னவருக்கு. எப்போதும் அப்படித்தான்.

எங்கள் பக்கம் கதை சொல்லுமுன் ‘உம் கொட்டணும்’ என்று பேசிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் குடமும் உடுக்கையும் வைத்திருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். அது விழாவிட்டால் இசக்கியம்மனும் நகரமாட்டாள், சுடலையும் நகரமாட்டார். பாலையா திருநெல்வேலிச் சீமைக்காரர். அந்த ‘ஆமா’ காதில் விழுந்து வளர்ந்த ஆள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

என் வீட்டில் உம் கொட்டியவள் அத்தை. அப்பாவின் அக்கா. பீடி சுற்றுவாள். மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, ஒரு பக்கம் தூள். தகடு வைத்துக் கத்தரியால் இலையை அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி அறுத்துப் போடுவாள். கண் அதில் இருக்காது. மறுநாள் காலையில் கடையில் ஆயிரம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். கடைக்காரர் எப்படியும் ஒரு கையளவை நொட்டைச் சொல்லிக் கழித்துப் போடுவார், அதையும் சேர்த்து ராத்திரியே சுற்றி வைக்க வேண்டும். அதனால் அவள் கொட்டகைக்கு வந்ததே இல்லை. படம் பார்த்துவிட்டு வந்து அவளுக்குக் கதை சொல்வது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தையின் உம்மில் வகை உண்டு. குட்டையாக ஒரு உம், மேலே போ என்று. இழுத்து ஒரு உம்ம்ம், நீ புளுகுகிறாய் என்று. உம்மே வராமல் முறத்தில் கை மட்டும் நின்றுவிட்டால், கதை அவளைப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். தூக்கம் வந்தால் நான் இடையில் விட்டுவிட்டு ஓடுவேன், கிட்டத்தட்ட உங்கள் 1.5-தான். உடனே பிடிபட்டுவிடும். ‘ஏல, ஓடாதல. நின்னு சொல்லு’ என்பாள்.

‘காதலிக்க நேரமில்லை’ எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. பிரிண்ட் முழுக்கக் கீறல் மழை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றுவதற்கு மூன்று இடைவேளை. அன்று ராத்திரி அத்தையிடம் காதல் கதைகளை வேகமாகத் தள்ளிவிட்டு அந்தக் காட்சிக்கு வந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இருட்டு, சத்தம், பயம் எல்லாம் சொல்லியாயிற்று, ‘பொறவு?’ என்கிறாள். பொறவு ஒன்றுமில்லையே. ஒன்றுமில்லை என்று சொன்னால் படுக்க விடமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புளியமரத்தைக் கொண்டுவந்து கதைக்குள் நட்டேன். மரத்தடியில் ஒருத்தி நின்றாள் என்றேன். கொலுசு மட்டும் கேட்டது, கால் இல்லை என்றேன். அத்தையின் கை நின்றது. சிம்னி வெளிச்சத்தில் வாயைப் பாதி திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் பாதி மடக்கிய பீடி. நான் அதுவரை பார்த்தது பாலையாவின் முகத்தைத்தானா இவள் முகத்தைத்தானா என்று எனக்கு இன்றைக்கும் குழம்பும்.

உங்கள் 41-வது படத்துக்குள்ளும் இப்படி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அது என்ன படம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை பாருங்கள்.

கொரோனாவுக்கு முந்திய வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் நிழலாட்டம்தான். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தக் காட்சியைப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நாகேஷ் ஆரம்பித்தார். அத்தை ‘உம்’ என்றாள். பாலையாவுக்கு முந்தியே சொன்னாள். கடைசிவரைக்கும் சரியான இடத்தில் உம் விழுந்துகொண்டே இருந்தது. போர்வையின் மேல் விரல் மட்டும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

காட்சி முடிந்தது. போனை எடுத்தேன்.

‘பொறவு?’

‘அவ்வளவுதான் அத்தை. அந்தக் கதை அவ்வளவுதான்.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்த இழுத்த உம்ம்ம். ‘புளியமரம் வரலையேல’ என்றாள்.