ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம், பழசும் புதுசும்: கேள்வி பதில்

கேள்வி: 1957 மாடலையும் மூன்வாட்ச் என்கிற இப்போதைய மாடலையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. என்னதான் மாறியிருக்கிறது சார்?

பதில்: முகஜாடை அப்படியே இருக்கிறது, மற்றதெல்லாம் படிப்படியாக மாறிவிட்டது. 1957-ல் வந்த சிகே 2915 என்ற மாடலில் அம்பு முனை போல அகன்ற மணி முள், பூச்சு எதுவும் இல்லாத ஸ்டீல் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். 1959-ன் சிகே 2998-ல் கறுப்பு அலுமினிய பெசல் வந்தது. 60-களின் நடுவில் வந்த 105.012 மாடலில் சாவி கொடுக்கும் கிரவுனும் ஸ்டாப்வாட்சை இயக்கும் புஷர்களும் அடிபடாமலிருக்க கேஸின் வலப்பக்கத்தைத் தடிமனாக்கினார்கள். டயலில் ‘புரொஃபெஷனல்’ என்ற சொல்லும் அப்போதுதான் ஏறியது. 1969-ல் நிலவில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கட்டியிருந்ததும் 105.012 தான். இன்றைய உருவம் அதன் வழியில் வந்தது.

கேள்வி: 321 என்கிற பழைய மூவ்மென்டுக்கு, அதாவது உள் இயந்திரத்துக்கு, இவ்வளவு விலை கொடுப்பது தகுமா?

பதில்: அழகுக்காக என்றால் தகும். 321-ல் ஸ்டாப்வாட்சை இயக்குவது தூண் சக்கரம். புஷரை அழுத்தினால் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 1968-ல் வந்த 861-ல் அந்த வேலையை கேம் என்கிற மேடுபள்ளமான தகடு செய்கிறது, ‘டக்’கென்று அழுத்தமாக விழும். ஆனால் 321 மணிக்கு 18,000 துடிப்பு, 861 மணிக்கு 21,600. தயாரிக்கவும் பழுது பார்க்கவும் 861 எளிது. பழைய ஸ்பீட்மாஸ்டரைத் தினமும் கட்டப் போகிறவர் என்றால் நான் 861-ஐத்தான் கைகாட்டுவேன். 321-தான் வேண்டும், ஆனால் பழசு பயம் என்றால், 2020-ல் ஒமேகாவே அதை மறுபடி ஸ்டீல் கேஸில் கொண்டுவந்தது.

கேள்வி: பெசலில் உள்ள வேக அளவுகோலில் 90 என்ற எண்ணுக்கு மேலே புள்ளி இருந்தால் அசல் பழசு என்று நம்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ஏறத்தாழ 1970 வரை புள்ளி 90-ன் தலைமேல் இருந்தது, பிறகு பக்கத்துக்கு வந்தது. 2021 மாடலில் மறுபடி மேலே போய்விட்டது. மேல்புள்ளி பெசல் தனியாகவே நல்ல விலை போவதால், ஒரு வாட்சில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சகஜம்.

கேள்வி: டயலில் ஒளிரும் பூச்சு பழுப்பேறி, இருட்டில் தெரிவதே இல்லை. புதிதாகப் பூசலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது டிரிட்டியம், சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். 60-களின் வாட்சில் அது அணைந்துபோயிருப்பதுதான் இயல்பு. ஒரு சோதனை சொல்கிறேன்: இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துவிட்டு அணையுங்கள். டிரிட்டியம் லேசாக மினுங்கி சட்டென்று மங்கும். வெகுநேரம் பச்சையாகப் பளபளத்தால் யாரோ புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். முட்களையும் டயலையும் தனித்தனியாகக் கவனியுங்கள். பல வாட்சுகளில் டயல் பழசாகவும் முள் மட்டும் சர்வீஸில் மாற்றியதாகவும் இருக்கும்.

கேள்வி: சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். ஸ்ட்ராப் பிடிக்கும் காதுகள் முறுக்கிய மாதிரி வளைந்து, மேலே கூரான விளிம்போடு இருக்கும். ஒருமுறை அது மழுங்கினால் போனது போனதுதான். கீறல் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: கம்பெனி கொடுத்த ஆவணச் சான்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கூடாது. பழைய வாட்சில் சீரியல் எண் மூவ்மென்டில்தான் இருக்கிறது. அந்த எண்ணில் எப்போது, எந்த மாடல் தயாரானது என்றுதான் சான்று சொல்லும்; டயல், பெசல், முள் பற்றி அதற்குத் தெரியாது. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் ஒரு சிகே 2915 முப்பது லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-ல் ஒமேகாவே அறிவித்தது. அவ்வளவு பெரிய மேடையிலேயே நடந்திருக்கிறது என்றால், பின்மூடியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: தினசரி கட்ட ஒன்றே ஒன்று என்றால்?

பதில்: 3861 மூவ்மென்ட் உள்ள இப்போதைய மாடல். இதற்கும் சாவி கொடுக்க வேண்டும், ஆனால் 50 மணி நேரம் ஓடும், 15,000 காஸ் வலுவுள்ள காந்தப்புலத்தையும் தாங்கும். அதிலும் ஹெசலைட் என்கிற பிளாஸ்டிக் கண்ணாடி உள்ளதை எடுங்கள். கீறல் விழும்தான், பாலிஷ் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போய்விடும். லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், கண்ணாடியின் நட்டநடுவில் பொடியாக ஒமேகா சின்னம் தெரியும். பழையதில் கண்ணாடி மாற்றியிருந்தாலும் அந்தச் சின்னத்தை முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அது கம்பெனிக் கண்ணாடி இல்லை.