புதுப் பெயிண்ட் வாசனை: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்?

பெயிண்ட் ஆய்வகத்தில் வேதியியல் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மூச்சுத்திணறல், விடாத தலைவலி என்றால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சார், நேற்றுதான் படுக்கையறைக்குப் பெயிண்ட் அடித்து முடித்தோம். இன்று ராத்திரி அங்கே படுக்கலாமா?

என்ன பெயிண்ட் என்று சொல்லவில்லையே! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இளக்குவதற்குத் தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருந்தால் அது எமல்ஷன். டர்பன்டைன், தின்னர் என்று போட்டிருந்தால் எனாமல் வகை. பாதி பதில் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

எமல்ஷனில் ஆவியாகிப் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். எனாமலில் ஆவியாவது பெட்ரோலிய எண்ணெய் வகைக் கரைப்பான். எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க, ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் வைத்திருக்கும் உச்சவரம்பைப் பாருங்கள். வீட்டுக்குள் சுவருக்கு அடிக்கும் மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டில் ஆவியாகும் கரிமப் பொருள் (சுருக்கமாக வி.ஓ.சி.) லிட்டருக்கு 30 கிராம் வரை இருக்கலாம். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு அடிக்கும் கரைப்பான் வகையில் 300 கிராம் வரை போகலாம். பத்து மடங்கு!

சுவருக்கு எமல்ஷன் மட்டும் என்றால், ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு மூன்று நாள் வேறு அறையில் படுங்கள், போதும். கதவுக்கும் எனாமல் அடித்திருந்தால் ஒரு வாரமாவது விடுங்கள்.

வாசனை போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. அரை மணி நேரம் அறைக்குள் இருந்தால் மூக்கு பழகிவிடும், வாசனையே இல்லை என்று தோன்றும். வெளியே போய்க் கொஞ்ச நேரம் உலாவிவிட்டு உள்ளே வந்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் வாசனை தெரியவில்லை என்றால் பெரும்பகுதி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நேர்மாறாகவும் நடக்கும்: சில எமல்ஷன்களில் சேர்க்கும் அம்மோனியா துளி அளவே இருந்தாலும் மூக்கைத் துளைக்கும். வாசனை இருக்கிறது என்பதை வைத்து மட்டும் விஷம் என்று சொல்லிவிட முடியாது.

கதவுக்கும் அலமாரிக்கும் அடித்து ஒரு மாதம் ஆகிறது. அலமாரியைத் திறந்தால் இன்னும் நாற்றம். மட்டமான பெயிண்டா?

மட்டமானது என்று சொல்ல முடியாது. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் பறந்துவிடும். அதன் பிறகு பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெதுவாக இறுகும். பாதி தீர்ந்த டப்பாவைத் திறந்தால் மேலே ஆடை படிந்திருக்குமே, அதே வேலைதான். அப்படி இறுகும்போது ஆல்டிஹைடு என்ற நெடியடிக்கும் சேர்மங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நீங்கள் முகர்வது அதைத்தான். மூடிய அலமாரியில் வந்த ஆவிக்குப் போக வழியில்லை. துணிகளை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே சில நாள் விடுங்கள்.

"வி.ஓ.சி. இல்லை" என்று போட்ட தண்ணீர்ப் பெயிண்ட் என்றால் முழுக்கப் பாதுகாப்புதானே?

எவ்வளவோ மேல். "இல்லை" என்பதைச் சுத்தமாகப் பூஜ்யம் என்று படிக்காதீர்கள், "மிகக் குறைவு" என்று படியுங்கள். கடையில் கலக்கும் நிறச்சாயம் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும்.

இன்னொரு விஷயம்: தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், அதனால் டப்பாவுக்குள் கிருமிநாசினி போட்டே ஆக வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்குப் பாதரசச் சேர்மம் போட்டார்கள். 1989-இல் மிச்சிகனில், புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் இருந்த ஒரு குழந்தைக்குப் பாதரச நஞ்சு ஏறியது தெரியவந்தது. அடுத்த ஆண்டே வீட்டுக்குள் அடிக்கும் தண்ணீர்ப் பெயிண்டில் அதைத் தடுத்துவிட்டார்கள். இன்று பரவலாகப் போடுவது ஐசோதயசோலினோன் வகை. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, சுவரைத் தொடாமலே முகத்தில் தடிப்பு வரலாம். ஷாம்பு, ஈரத்துடைப்பான் போன்றவற்றால் தோல் அரித்த அனுபவம் உள்ளவர்கள் கவனம்.

நறுக்கிய வெங்காயம், வாளித் தண்ணீர், கரி, செடி... எது வேலை செய்யும்?

ஜன்னல்!

வெங்காயம் அதன் வாசனையால் பெயிண்ட் வாசனையை மறைக்கும், அவ்வளவுதான். எண்ணெய்க் கரைப்பான் தண்ணீரில் கரையாது. வாளியை வைத்துப் பயனில்லை. அடுப்புக்கரி ஓரளவு உறிஞ்சும், அறை முழுவதற்கும் அது காணாது. செடி பற்றிய பேச்சு 1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. அது நடந்தது இறுக மூடிய சிறு பெட்டிக்குள். வீட்டு அறையில் காற்றோட்டம் செய்வதற்குப் பக்கத்தில்கூட செடியால் வர முடியாது. ஊதுபத்தி, மெழுகுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம்: கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும்.

எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும். ஒன்றில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து உள்காற்றைத் தள்ளுங்கள். இன்னொன்றின் வழியே புதுக்காற்று தானாக வரும். ஏ.சி. போட்டு மூடிவைக்காதீர்கள்: பெரும்பாலான வீட்டு ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது.

அண்ணா, நான் ஐந்து மாத கர்ப்பிணி. குழந்தைக்காக ஒரு அறையை நானே தயார் செய்ய ஆசை. பெயிண்ட் அடிக்கலாமா?

அடிப்பதை வேறு யாரிடமாவது விட்டுவிடும்மா. நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். எமல்ஷன் அடித்த, காற்றோட்டமுள்ள அறைக்குள் போய் எட்டிப் பார்த்ததற்கெல்லாம் மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பயம் புதுப் பெயிண்டைப் பற்றியது இல்லை, அதற்கு முந்தைய நாளைப் பற்றியது. பழைய சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களே, அந்தத் தூசி. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-இல்தான் தடுத்தார்கள். பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் பிடித்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் வழியாகக் கருவுக்கும் போகும். தவழும் குழந்தை தரையைத் தடவி விரலை வாயில் வைக்கும். வாசனையே இல்லாத ஆபத்து இது, அதனால்தான் யாரும் கேட்பதில்லை! சுரண்டும் நாட்களில் வீட்டிலேயே இருக்காதீர்கள். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

நான் பெயிண்டர். தினமும் இதிலேதான். கர்ச்சீப் கட்டிக்கொள்வேன். போதுமா தம்பி?

போதாது அண்ணே. கர்ச்சீப்பும் தூசி மாஸ்க்கும் ஆவியை நிறுத்தாது. கரைப்பானுக்குக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வாசனை உள்ளே வர ஆரம்பிக்கும் முன்பே வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். ஹார்டனர் கலக்கும் பாலியூரிதேன் பாலிஷ் இன்னும் மோசம்: அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். அதை ஸ்ப்ரே செய்வதாக இருந்தால் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் கவசம்தான் சரி.

சாயங்காலம் தின்னரில் கை கழுவுவதை நிறுத்துங்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். சமையல் எண்ணெய் தேய்த்துத் துணியால் வழித்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 1989-இல் சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. பல வருடம் இதிலேயே உழல்பவர்களைப் பற்றிய கணக்கு அது. ஒரு அறைக்குப் பெயிண்ட் அடித்த வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு நடுங்க வேண்டியதில்லை. நீங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியவர்.

வீட்டில் கிளி வளர்க்கிறோம். வேறு அறைக்கு மாற்றினால் போதுமா?

வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகக் காற்றிலுள்ளதை இழுத்துக்கொள்ளும். உங்கள் மூக்குக்கு வாசனை நின்ற பிறகும் சில நாள் பொறுத்துக் கூட்டிவாருங்கள்.