வாசகர் கேள்வி: வீரர்களா, ஆட்டமுறையா?

கேள்வி: புதிதாகப் பொறுப்பேற்கும் ஹாக்கிப் பயிற்சியாளர், இருக்கும் வீரர்களுக்கு ஏற்பத் தம் ஆட்டமுறையை மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். 2023-இல் இந்திய ஆடவர் அணிக்குப் பயிற்சியாளராக வந்த தென்னாப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டன், தற்காப்பை அடித்தளமாகக் கொண்ட முறையை வகுத்தார். தாக்குதல் ஆட்டத்தையே நம் மரபாகக் கருதுவோருக்கு இது எளிதில் பிடிக்கக்கூடியதல்ல. ஆனால், கோலைக் காக்க ஸ்ரீஜேஷும், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பில், பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிக்க ஹர்மன்ப்ரீத் சிங்கும் இருந்த அணிக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய பத்துப் பேரும் பிரிட்டனின் தாக்குதலை நாற்பது நிமிடங்களுக்கு மேல் தாங்கி, ஆட்டத்தை 1-1 எனச் சமனில் முடித்து, வெற்றியைத் தீர்மானிக்க வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் 4-2 என வென்றார்கள். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வீழ்த்தியபோது, இரு கோல்களும் ஹர்மன்ப்ரீத்தின் பெனால்டி கார்னர்களிலிருந்தே வந்தன.

உடற்தகுதியிலும், பந்தை இழந்தவுடன் பின்னோக்கி ஓடிவந்து தடுக்கும் கடமையிலும் மட்டும் பயிற்சியாளர் எந்த வீரருக்காகவும் வளைந்துகொடுக்கக் கூடாது. வீரர்களுக்கு ஏற்ப ஆட்டமுறையை மாற்றிக்கொள்வது, பள்ளி அணிகளைப் பயிற்றுவிப்போருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர்களுக்கு வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பில்லை, வந்து நிற்கும் பிள்ளைகளைக் கொண்டுதான் அணியை அமைக்க வேண்டும்.