கேளுங்கள், சொல்கிறோம்: பிரெஞ்சு பேசும் கியூபெக்

கே: கனடாவில் மற்ற இடமெல்லாம் இங்கிலீஷ்தானே, கியூபெக் மட்டும் ஏனுங்க பிரெஞ்சை விடவே மாட்டேங்குது?
– வாசகர், தாராபுரம்

ப: பாண்டிச்சேரியோடு சேர்த்துப் பாருங்கள். 1608-ல் சாமுவேல் தெ ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கியூபெக் நகரை அமைத்தார். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரில் 1759-ல் அந்த நகரமும், 1761-ல் பாண்டிச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது, கியூபெக் திரும்பவில்லை. ஆட்சி மாறினாலும் குடியானவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களுடைய கத்தோலிக்க மதத்தையும் பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் 1774-ல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. 1977-ல் வந்த மொழிச் சட்டம் வேலை, கடை, பள்ளி எல்லாவற்றிலும் பிரெஞ்சை முதலில் நிறுத்தியது. தனிநாடு ஆவதா என்ற 1995 வாக்கெடுப்பில் வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். அவ்வளவு நெருக்கம். இன்றைக்கும் அங்குள்ள வண்டிகளின் நம்பர் பிளேட்டில் 'எனக்கு நினைவிருக்கிறது' என்ற பொருளில் பிரெஞ்சு வாசகம்தான் இருக்கும்.

கியூபெக் மாகாணம் பரப்பில் தமிழ்நாட்டைப் போலச் சுமார் 12 மடங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 85 லட்சம்தான், அதிலும் பெரும்பாலோர் அந்த ஆற்றை ஒட்டியே இருக்கிறார்கள்.

கே: மகன் மேப்பிள் பாகு அனுப்பியிருக்கிறான். நம்ம ஆலைக்கொட்டகையில் காய்ச்சுற பாகு மாதிரிதானா?
– வாசகி, கவுந்தப்பாடி

ப: வேலை ஒன்றுதான், கணக்குதான் வேறு. உலக மேப்பிள் பாகில் பெரும்பங்கு கியூபெக்கில்தான் காய்ச்சப்படுகிறது. இரவில் உறைபனி, பகலில் இளவெயில் என்று மாறிவரும் மார்ச், ஏப்ரலில்தான் மேப்பிள் மரத்தில் பால் இறங்கும். அடிமரம் 20 சென்டிமீட்டர் குறுக்களவாவது இருக்க வேண்டும். அதற்கே சுமார் 40 வருடம் ஆகும். மரத்தில் 8 மில்லிமீட்டர் அகலத்தில், விரல் நீளத்துக்கும் குறைவான ஆழத்தில் துளை போட்டுக் குழாய் செருகுவார்கள். போன வருடத்துத் துளைக்குப் பக்கத்திலேயே போட்டால் அந்த இடத்தில் பால் வராது, பட்டுப்போன கட்டைதான் இருக்கும்.

நம் கரும்புப் பாலில் ஐந்தில் ஒரு பங்கு வரை இனிப்பு. மேப்பிள் பாலில் வெறும் 2 சதவீதம். அதனால் 40 லிட்டர் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு. கொதிநிலை 104 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்கிவிட வேண்டும். அப்போது சர்க்கரை 66 சதவீதம். முன்னே இறக்கினால் பூஞ்சை பிடிக்கும், பிந்தினால் அடியில் கற்கண்டு கட்டும். கரும்புப் பால் போலவே இதுவும் காத்திருந்தால் புளிக்கும். மரம் துளிர்க்கத் தொடங்கிவிட்டால் பாகில் கசப்பு ஏறும், அன்றோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

புட்டியில் உட்பொருள் ஒன்றே ஒன்று, மேப்பிள் பாகு என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். 'மேப்பிள் சுவை' என்றிருந்தால் அது சாதாரணச் சர்க்கரைப் பாகு. திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கே: மொன்றியல் பையர் (வாங்குபவர்) ஒருவர் டி-ஷர்ட் கேட்கிறார். லேபிளில் என்ன மாற்றணும்?
– வாசகர், திருப்பூர்

ப: துணியின் கலவையை ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் போட வேண்டும். இது கனடா முழுமைக்கும் பொது. எடையில் 5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு நூலிழையும் சதவீதத்தோடு, அதிகமானது முதலில் வர வேண்டும். மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் கூடுதலாக, ஹேங்டேக் (தொங்கும் அட்டை), பாலிபேக் (பிளாஸ்டிக் உறை) வாசகங்களிலும் பிரெஞ்சு இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து அதைவிடப் பெரிதாகத் தெரியக்கூடாது.

தவறு நடப்பது எழுத்தில்தான். காட்டனுக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'டி', பிரெஞ்சில் ஒன்றுதான். 'தயாரிக்கப்பட்டது' என்பதற்கான 'ஃபாப்ரிக்கே' என்ற சொல்லின் கடைசி 'இ' மேல் ஒரு சாய்கோடு வரும். லேபிள் அடிப்பவரிடம் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ விழும். கோரல் டிரா மென்பொருளில் எழுத்தை கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு லேபிள் அடித்துப் படமெடுத்து பையருக்கு அனுப்பி, எழுத்துமூலம் அப்ரூவல் வந்தபிறகே மொத்தமும் ஓட்டுங்கள். தைத்து முடித்த ஆயிரம் பீஸில் லேபிளைப் பிரித்து மாற்றினால் லாபம் அதிலேயே போய்விடும்.

கே: பிளஸ் டூ முடித்த மகளை அங்கே படிக்க அனுப்பலாமா? பிரெஞ்சு தெரியாது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ப: அனுப்பலாம். மெக்கில் (1821-ல் தொடங்கியது), கான்கார்டியா என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் மொன்றியலில் ஆங்கிலத்திலேயே நடத்துகின்றன. ஆனால் வரிசை முக்கியம்: கல்லூரி இடம், அடுத்து கியூபெக் அரசின் ஏற்புச் சான்றிதழ், அதற்குப் பிறகே கனடா அரசின் படிப்பு அனுமதி. நடுவில் உள்ளதை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் நிற்காது. உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின் 'செஜெப்' என்ற கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வருவதால் அவர்களுக்குப் பட்டம் 3 ஆண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 4 ஆண்டு. கட்டணத்தை 4 ஆண்டுக்கே போட்டுப் பாருங்கள்.

வகுப்பில் பிரெஞ்சு வேண்டாம். பகுதிநேர வேலைக்கும் பிறகு அங்கேயே தங்குவதற்கும் வேண்டும். இங்கிருக்கும்போதே ஆறு மாதமாவது படிக்க வையுங்கள்.

கே: அங்கே முருகன் கோயில் உண்டா?
– வாசகி, சென்னிமலை

ப: உண்டு. மொன்றியலின் மேற்கே டொலார் தெ ஸோர்மோ என்ற ஊரில், ஈழத்தமிழர்கள் நடத்தும் திருமுருகன் கோயில்.