வாசகர் கேள்விகள்: கப்பல் பயணமும் கிராஃப்ட் பீரும்

கப்பல் சுற்றுலா பற்றி வந்த கேள்விகளில் பீர், அதிலும் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் தனித்தனிச் சுவையில் காய்ச்சுவது) சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்ற வாசகத்தைக் கடலுக்கு நடுவிலும் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: ஜூன் மாதம் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் குரூஸ் போக இருக்கிறோம். எல்லா கம்பெனி விளம்பரத்திலும் ‘பப்’ என்று ஒரு படம் இருக்கிறது. உள்ளே போனால் பட்வைசரும் ஹைனக்கனும்தான் என்கிறார் நண்பர். புக் பண்ணும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? (சான் ஹோசே வாசகர்)

கம்பெனி பெயரை விட்டுவிட்டுக் கப்பலின் பெயரைப் பிடியுங்கள். ஒரே கம்பெனியின் பழைய கப்பலில் ஆறு லாகர் (பட்வைசர் மாதிரி மென்மையான, வழக்கமான பீர்) மட்டும் இருக்கும். புதுக் கப்பலில் தனி பீர் பாரே இருக்கும். 2015-இல் வந்த நார்வீஜியன் எஸ்கேப் கப்பலில் ‘டிஸ்ட்ரிக்ட் ப்ரூ ஹவுஸ்’ 24 டேப்புகளோடும் (பீர் ஊற்றும் குழாய்கள்) ஐம்பதுக்கு மேற்பட்ட பாட்டில் வகைகளோடும் தொடங்கப்பட்டது. கார்னிவல் விஸ்டாவில் 2016-இல் கப்பலுக்குள்ளேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பிறகு வந்த ஹொரைசன், பனோரமா கப்பல்களிலும் ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) உண்டு. ஆனால் அதே கார்னிவலின் மற்ற கப்பல்களில் ‘தர்ஸ்டிஃப்ராக்’ என்ற கம்பெனியின் சொந்த பீர் பெயரைப் பார்த்தால் அங்கேயே காய்ச்சியது என்று நினைத்துவிடாதீர்கள். அவை கரையில் காய்ச்சி ஏற்றியவை.

விளம்பரப் படம் எதையும் சொல்லாது. கப்பலின் பெயரோடு ‘பார் மெனு’ என்று சேர்த்துத் தேடி, கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த மெனு அட்டைப் படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். புக் பண்ணியபின் கம்பெனியின் ஆப்பிலும் பார் வாரியாக மெனு தெரியும். ‘பார் வாரியாக’ என்பது முக்கியம். நீச்சல் குளத்துப் பாரில் கேட்டு ‘இல்லை’ என்று சொன்னதை நம்பி முழுப் பயணத்தையும் லாகரிலேயே கழிப்பவர்கள் உண்டு. இரண்டு தளம் கீழே ஸ்போர்ட்ஸ் பாரிலோ பர்கர் கடையிலோ ஐபிஏ (கசப்பும் மணமும் தூக்கலான பீர்) இருக்கும். ஏறிய அன்றே எல்லா பாருக்கும் ஒரு நடை போய்வந்தால் போதும்.

கேள்வி: அலாஸ்கா துறைமுகங்களில் இறங்கி நல்ல பீர் குடிக்க நேரம் கிடைக்குமா? எங்கே போகலாம்? (ஹூஸ்டன் வாசகி)

கிடைக்கும். உண்மையைச் சொன்னால், அலாஸ்கா பாதையில் கப்பலின் பீர் மெனுவைப் பற்றி அவ்வளவு கவலைப்படவே தேவையில்லை. கரையில் கிடைப்பது அதைவிட மேல்.

ஜூனோ ஊரில் அலாஸ்கன் ப்ரூவிங் கம்பெனி 1986-இல் தொடங்கியது. அந்த ஊருக்கு வெளியுலகத்திலிருந்து சாலையே கிடையாது. மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாட்டிலும் படகில் வரவேண்டும், பீர் படகில் போகவேண்டும். காய்ச்சியபின் மிஞ்சும் சக்கையைப் பக்கத்துப் பண்ணைக்குக் கொடுக்கலாம் என்றால் பண்ணை ஏது? அதனால் அந்தச் சக்கையையே காயவைத்து எரித்து நீராவி எடுக்கும் கொதிகலனை வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆம்பர், ஜெர்மன் ஆல்ட் பாணியில் மால்ட் தூக்கலாக, கசப்பு குறைவாக இருக்கும். அது கப்பலிலேயே கிடைக்கலாம். கரையில் தேடவேண்டியது ஸ்மோக்டு போர்ட்டர் என்ற கறுப்பு பீர். 1988 முதல் வருவது. ஆல்டர் மரப் புகையில், மீன் கருவாடு போடும் புகைக்கூடத்து முறையில் வாட்டிய மால்ட்டில் செய்வது. முதல் வாய்க்குப் புகை மூக்கில் ஏறும், சிலருக்குப் பிடிக்காது. நாலு பேருக்கு ஒரு கிளாஸ் வாங்கிச் சுவைத்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

ப்ரூவரி, கப்பல் நிற்கும் இடத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி லெமன் க்ரீக்கில் இருக்கிறது. நடக்கிற தூரமில்லை. டாக்சியோ ஷட்டிலோ பிடித்துப் போய்வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். கிளேசியர் பார்க்கும் டூரும் அன்றே என்றால் முதலில் கிளேசியர், பிறகு பீர். மாற்றிப் போட்டால் பஸ்ஸில் அவஸ்தை.

ஸ்காக்வேயில் இந்தக் கஷ்டம் இல்லை. ஊரே ஒரு தெருதான். ஸ்காக்வே ப்ரூவிங் கம்பெனிக்கு நடந்தே போகலாம். அங்கே ஸ்ப்ரூஸ் மரத்தின் இளங்கொழுந்து போட்ட ‘ஸ்ப்ரூஸ் டிப் ப்ளாண்ட்’ கேளுங்கள். வசந்தத்தில் துளிர்க்கும் நுனியை மட்டும் கிள்ளிச் சேர்க்கிறார்கள். எலுமிச்சையும் லேசான பிசின் மணமும் கலந்து வரும். ரயில் டூர் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள், அதற்கு முன் போய்விடுங்கள்.

அலாஸ்கா சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ப்ரூவரியின் சொந்த டேப்ரூமில் (ஆலையோடு சேர்ந்த பாரில்) ஒருவருக்கு ஒரு நாளைக்கு 36 அவுன்ஸ்தான் ஊற்றலாம். அதாவது 12 அவுன்ஸ் கிளாஸ் மூன்று, ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்தவும் வேண்டும். ‘நான்காவது தரமாட்டேன் என்கிறார்’ என்று பார்டெண்டரிடம் சண்டை வேண்டாம், அவர் லைசென்ஸ் பிரச்சினை அது. சாப்பாட்டுக் கடை லைசென்ஸ் உள்ள ப்ரூபப்புக்கு (அங்கேயே பீர் காய்ச்சும் உணவகம்) இந்தக் கணக்கு கிடையாது. வயது 21 ஆக வேண்டும்; கப்பலின் கேபின் அட்டையில் பிறந்த தேதி இருக்காது, பாஸ்போர்ட்டையோ அமெரிக்க டிரைவிங் லைசென்ஸையோ எடுத்துப்போங்கள்.

கடைசியாக, கடிகாரம். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். ஃபோன் தானாக மாறும். கப்பல் எந்த ஊர் நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதை இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் பலகையில் பாருங்கள். கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறியிருக்க வேண்டும்.

கேள்வி: கப்பலில் டிராஃப்ட் ஐபிஏ (டேப்பிலிருந்து ஊற்றித் தருவது) வாங்கினேன். பாப்கார்ன் வெண்ணெய் வாடை. அது பீரின் குணமா, கெட்டுப்போனதா? (நியூ ஜெர்சி வாசகர்)

கெட்டது. பெரும்பாலும் பீர் மேல் தப்பிருக்காது, அது வரும் குழாய்தான் காரணம். கெக்கிலிருந்து (பீர் பீப்பாய்) டேப் வரை போகும் லைனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காஸ்டிக் கரைசலால் கழுவவேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்கள் சங்கத்தின் பரிந்துரை. கழுவாவிட்டால் உள்ளே பாக்டீரியா படலம் கட்டும். வெண்ணெய் வாடை டைஅசிடைல் என்ற பொருளால் வருவது. காடி போலப் புளித்தால் அது வேறு பாக்டீரியாவின் வேலை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கேன் கேளுங்கள். மாற்றித் தருவார்கள்.

வாங்கும் முன்பே தப்பிக்கவும் வழி உண்டு. அதிகம் விற்கும் டேப் எது என்று கேளுங்கள். நாலு நாளாக யாரும் தொடாத பார்லி வைன் என்ற வீரியமான பீரைவிட அன்றாடம் ஓடும் பேல் ஏல் பாதுகாப்பு. ஒரு வாய் சாம்பிள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கு நுரையையும் தின்றுவிடும்.

ஏறிய முதல் நாள் மாலையில் டிராஃப்ட் வேண்டாம். அன்று காலைதான் கெக்குகளை உருட்டி ஏற்றியிருப்பார்கள். கெக் முழுக்கக் குளிர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் ஊற்றினால் கிளாஸில் பாதி நுரை.

கேனிலும் தேதி பாருங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான ஐபிஏ அடைத்த மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும்; அப்புறம் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை தட்டும். அடியில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு: 145 என்றால் மே 25. ப்ரூவர்கள் சொல்லும் 3-30-300 கணக்கு ஒன்று உண்டு. 32 டிகிரி செல்சியஸ் சூட்டில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு கிழடாகும். கரிபியன் துறைமுகத்தில் வெயிலில் காத்திருந்த பெட்டிக்கு என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டவுட், போர்ட்டர் மாதிரி ஹாப்ஸ் வாசனையை நம்பாத வகைகளை வாங்குவது புத்திசாலித்தனம்.

பச்சை, வெள்ளை பாட்டில்களும் டெக்கில் உதவாது. வெயில் பட்டதும் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து எரிந்த ரப்பர் மாதிரி நாற்றம் வரும். தெளிவான பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி வெயிலில் வைத்தாலும் சில நிமிஷத்தில் இதே கதி. கேனோடு குடியுங்கள்.

கேள்வி: நாங்களே ஒரு பெட்டி கேன் வாங்கிக்கொண்டு ஏறினால்? துறைமுகத்தில் வாங்கியதைக் கேபினில் வைத்துக்கொள்ளலாமா? (டாலஸ் வாசகர்)

பெரும்பாலான கம்பெனிகளில் முடியாது. கார்னிவலில் ஏறும் அன்று ஆளுக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று கொண்டுபோகலாம்; பீருக்குத் தடை. விதிவிலக்கு டிஸ்னி: 21 வயதானவர் ஒவ்வொருவரும் 12 அவுன்ஸுக்கு மிகாத ஆறு பீர், கைப்பையில், ஏறும்போதும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கொண்டுவரலாம். குழந்தைகள் கப்பல் என்று சிரிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

துறைமுகத்தில் வாங்கும் மதுவைப் பொதுவாக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் திருப்பித் தருவார்கள். டேப்பிலிருந்து நிரப்பித் தரும் 64 அவுன்ஸ் க்ரௌலர் ஜாடி வாங்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலே சில நாள்தான் தாங்கும். கப்பல் ஸ்டோர் ரூமில் ஐந்து நாள் கிடந்தால் கொட்டத்தான் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் சீல் வைத்த கேன். அமெரிக்க விமானங்களில் 24 சதவீத ஆல்கஹாலுக்கு உட்பட்ட மதுவை செக்-இன் பெட்டியில் வைக்க அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 24 கேன் ஒன்பது கிலோவைத் தாண்டும், பெட்டியின் எடை வரம்பைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டுத் துணிக்கு நடுவில் செருகுங்கள். லக்கேஜ் பகுதியிலும் காற்றழுத்தம் சீராக இருப்பதால் கேன் தானாக வெடிக்காது; தூக்கி எறிகிறார்களே, அதில்தான் நசுங்கும்.

கேள்வி: டிரிங்க்ஸ் பேக்கேஜ் (நாளுக்கு ஒரே தொகை கட்டிவிட்டுக் குடிப்பது) லாபமா? (டொராண்டோ வாசகர்)

உதாரணத்துக்கு: பீர் 10 டாலர், 18 சதவீத சர்வீஸ் சேர்த்து 11.80. பேக்கேஜ் நாளுக்கு 70 டாலர் என்றால் அதே 18 சேர்த்து 82.60. ஆக, ஏழு பீர் குடித்தால்தான் போட்ட காசு வரும். தினமும். காலை முதல் மாலை வரை கரையில் இருக்கும் நாளிலும். கார்னிவல் போன்ற சிலவற்றில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. குடிக்காத மனைவிக்கோ கணவருக்கோ சேர்த்துக் கட்டவேண்டும். அலாஸ்காவுக்கு வேண்டவே வேண்டாம். கடலில் மட்டுமே பல நாள் ஓடும் பயணமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேக்கேஜில் ஒரு கிளாஸுக்கு விலை வரம்பும் இருக்கும், பெரிய பாட்டில் பெல்ஜியன் ஏல் அதைத் தாண்டிவிடலாம்.

கேள்வி: கடல் தண்ணீரில் பீர் காய்ச்சும் கப்பல் இருப்பதாகப் படித்தேன். உப்புக் கரிக்காதா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஜெர்மனியின் ஐடாப்ளு கப்பலில் 2010-இலிருந்து இதைச் செய்கிறார்கள். கப்பலில் குடிக்கும் தண்ணீரே பெரும்பாலும் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியே அழுத்தியோ எடுப்பதுதான். அதில் உப்பு இருக்காது. சிக்கலே தாது உப்பு எதுவுமே இல்லாததுதான். மால்ட்டிலிருந்து சர்க்கரை சரியாகப் பிரியவும் ஈஸ்ட் படியவும் கால்சியம் வேண்டும். அதனால் ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ அளந்து சேர்ப்பார்கள். ஒருவிதத்தில் ப்ரூவருக்கு இது வசதி. வெற்றுத் தண்ணீரில் எந்த ஊர்த் தண்ணீரையும் உண்டாக்கலாம்.

கேள்வி: நான் சைவம். பீரில் அசைவம் கலக்கிறதா? (லண்டன் வாசகி)

சிலவற்றில். பீப்பாயிலேயே பக்குவமாகும் பிரிட்டிஷ் கேஸ்க் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறினால் கேளுங்கள். கின்னஸ் அதை விட்டுவிட்டது. கலங்கலாக இருக்கும் ஹேஸி ஐபிஏ, கோதுமை பீர் இவற்றில் தெளியவைக்கும் வேலையே இல்லை. மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரை இருக்கும். ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் சில இடங்களில் நிஜச் சிப்பியே போடுவார்கள்.

கேள்வி: நார்வே ஃபியர்டு (மலைகளுக்கு நடுவே உள்வாங்கிய கடல்) பயணத்தில் சூப்பர் மார்க்கெட்டில் பீர் வாங்கலாமா? (ஸூரிக் வாசகர்)

4.7 சதவீத ஆல்கஹால் வரை மட்டும். வார நாளில் இரவு 8 மணி வரை, சனிக்கிழமை 6 வரை, ஞாயிறு கிடையாது. அதற்கு மேல் வீரியமானது அரசுக் கடையான வின்மோனோபோலெட்டில்தான். நம் டாஸ்மாக் போல அரசாங்க ஏகபோகம், ஆனால் உள்ளே நின்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார். ஃப்ளோம் ஊரில் கப்பல் நின்றால் கடையே தேடவேண்டாம், துறையிலிருந்து சில நிமிஷ நடையில் ஏகிர் ப்ரூபப்.

கேள்வி: கடல் நோய் மாத்திரை போட்டுக்கொண்டு பீர் குடிக்கலாமா? (சிங்கப்பூர் வாசகி)

கூடாது. மெக்லிசின் போன்ற மாத்திரைகளே தூக்கம் வரவழைப்பவை. மதுவோடு சேர்ந்தால் ஆடும் படிக்கட்டில் நிற்கவே சிரமப்படுவீர்கள். மாத்திரை போட்ட நாளில் பீரை விடுங்கள். மற்ற நாளிலும் கிளாஸின் எண்ணிக்கையை நம்பாதீர்கள்: 473 மில்லி அளவில் வரும் 8 சதவீத டபுள் ஐபிஏ ஒன்று, 355 மில்லி 5 சதவீத லாகர் இரண்டுக்குச் சமம்.