டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பழைய பதிப்பில் தொடங்குவதா, புதியதிலா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நடத்தும் மேசை விளையாட்டு. கனடா மாமா தந்த அதன் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு உங்களிடம். கொக்குவில் நண்பர்களிடம் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு. எதில் தொடங்குவது என்கிறீர்கள். ஐந்தாம் பதிப்பில்தான்.

பழையதில் தலையைச் சுற்றவைப்பது 'தாக்கோ', அதாவது கவச எண் பூச்சியமான எதிரியைத் தாக்கப் பகடையில் விழவேண்டிய எண். அங்கே கவச எண் குறையக் குறையப் பாதுகாப்புக் கூடும். உங்கள் தாக்கோ 18, எதிரியின் கவசம் 4 என்றால், கழித்து வரும் 14 அல்லது அதற்கு மேல் இருபது முகப் பகடையில் விழவேண்டும். புதிய கணக்கில் அதே கவசம் 16. விழுந்த எண்ணோடு உங்கள் தாக்குதல் கூட்டெண் 2ஐக் (20இலிருந்து தாக்கோ 18ஐக் கழித்தது) கூட்டி 16ஐ எட்டினால் போதும். வாய்ப்பு அணுவளவும் மாறவில்லை, கழித்தல் போய்க் கூட்டல் வந்தது. அது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் புண்ணியம்.

உண்மையான வேறுபாடு சாவில் இருக்கிறது. பழையதில் உயிர்ப்புள்ளி பூச்சியமானால் கதை முடிந்தது. முதல் நிலை மந்திரவாதிக்கோ பொதுவாக நாளுக்கு ஒரே மந்திரம். புதியதில் விழுந்தபின்னும் பகடை உருட்டலாம், பொதுவாக மூன்று முறை தோற்றால்தான் மரணம். எனக்கு அந்தப் பழைய பயம்தான் பிடிக்கும். ஆனால் முதல் நாளே பாத்திரத்தைப் பறிகொடுத்தவர் மறுவாரம் வருவாரா என்பது சந்தேகம்.

பழைய சாகசங்கள் (விளையாடத் தயாரான கதை நூல்கள்) கிடைத்தால் விடாதீர்கள். கதையையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, அரக்கர்களின் எண்களை மட்டும் புதிய நூலில் பாருங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம்.